பெயர் இழந்த நிழற்படங்களும் ஊர் திரும்பிய திருமேனிகளும்

திருக்குட நன்னீராட்டு விழா அணுகும் நாளில் ஊரெங்கும் ஒரு தேடல் நிகழும். முன்னோர் நிறுவிய கட்டளைகளின் கணக்கேடுகள் தூசி தட்டப்பெறும். பழைய சாசனங்கள் வெளிவரும். பரண்மேற் கிடந்த தகரப் பெட்டிகள் திறக்கப்பெறும். அப்பெட்டிகளின் அடியில் பெரும்பாலும் ஒரு கட்டு நிழற்படங்கள் கிடக்கும். ஒன்றில் கோபுரம் ஒன்று நிற்கும். எவ்வூர்க் கோபுரம் என்பது எழுதப்பட்டிராது. ஒன்றில் கூத்தப்பெருமான் திருமேனி விளங்கும். எத்தலத்து ஐயன் என்பது தெரியாது. ஒன்றில் சிவாசாரியர்களும் ஓதுவார்களும் திருப்பணிச் செல்வர்களும் வரிசையாய் நிற்பர். அவருள் ஒருவர் பெயரையேனும் அறிந்தார் அவ்வீட்டில் இரார். அறிந்திருந்த பாட்டியார் சென்ற ஆண்டு சிவபதம் எய்தியிருப்பார். 'யாரோ, எவ்வூரோ' என்று சொல்லி, அக்கட்டு பழங்காகிதத்தோடு எடைக்குப் போடப்படும்.

அங்ஙனம் போடப்படுவது சிறு பொருளன்று என்பதை அன்பர்களுக்கு உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரும் பெயரும் நாளும் குறிக்கப்பெற்ற நிழற்படம், களவு போய்க் கடல் கடந்த திருமேனிக்குச் சான்றாகி நின்ற வரலாறுகள் தமிழகத்திற் பல உள. குறிப்பில்லாத படத்தின் ஊரைப் பொறுமையோடு ஆராய்ந்து காணும் நெறியும் உண்டு. இவையிரண்டும் இங்கு முறையே கூறப்படும்.

ஏடு தேடிய மரபு

பெயரிழந்த பொருளுக்குப் பெயர் தேடுதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. மூவர் அருளிய தேவாரத் திருப்பதிக ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையுட் கிடந்தமையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்தபோது பெரும்பகுதி கரையானுக்கு இரையாகியிருந்தமையும் திருமுறைகண்ட புராணத்தாற் சைவவுலகம் அறிந்த செய்தி. எஞ்சியவற்றைத் தேர்ந்து முறைப்படுத்தியதனாலன்றோ இன்று ஓதுவார் திருவாயிற் பண் ஒலிக்கின்றது.

பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், முதலும் இறுதியும் சிதைந்த ஏடுகளை ஊர் ஊராய்த் தேடி, எழுத்தின் வடிவும் சொல்லின் போக்கும் உரையாசிரியர் மேற்கோளும் கொண்டு அவை இன்ன நூல் என்று துணிந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது அவ்வுழைப்பின் பயன். ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயரும் ஊரும் ஆண்டும் நாளும் குறிப்பது பண்டை வழக்கு. அக்கடைசி ஓலை கழன்றுபோனால் ஏடு தன் வரலாற்றை இழக்கும். குறிப்பில்லாத நிழற்படமும் கடைசி ஓலை இழந்த ஏடு போல்வதே. ஏட்டை ஆராய்ந்தார்க்கு வேண்டியிருந்த பொறுமையே படத்தை ஆராய்வார்க்கும் வேண்டப்படுவது.

கல்லில் எழுதிய உருவம்

நிழற்படக் கருவி தோன்றுதற்கு 800 ஆண்டுகளின் முன்னரே, திருமேனியின் அடையாளத்தைச் சொல்லாற் பதிந்து வைத்த பெருமை இராசராச சோழர்க்கு உரியது. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில், மன்னரும் அவர்தம் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த திருமேனிகள் குறிக்கப்பெற்றுள்ளன. இன்ன திருமேனி, இத்தனை திருக்கை உடையது, கோயில் முழக்கோலால் அளக்க இத்தனை முழமும் விரலும் உயரம், பீடம் இவ்வளவு, திருவாசி இவ்வளவு என்று கணக்கர் எழுதும் துல்லியத்தோடு அவை எழுதப்பட்டுள்ளன.

அக்கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான், நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் முதலியோர் திருவுருவங்களை எழுந்தருளுவித்த செய்தியும் அக்கல்லில் உள்ளது. அளவு கல்லில் நின்றது. அத்திருமேனிகளுள் மிகப் பல காலத்தால் மறைந்தன. அவை எங்கேனும் வெளிப்படுமாயின் அளந்து ஒப்புநோக்கக் கல்வெட்டு இன்றும் காத்திருக்கின்றது. கொடுத்தோர் பெயரினும் கொடுத்த பொருளின் அடையாளத்தை விரிவாக எழுதிய அவ்வறிவு, இற்றைநாள் அறங்காவலர் கருதத்தக்கது.

கருவி வந்த காலம்

நிழலைத் தகட்டிற் பிடிக்கும் கலை 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் இருபதாண்டு முடியுமுன்னரே தமிழகத்துத் திருக்கோயில்கள் அக்கருவியின் முன் நின்றன. சென்னைப் படையைச் சார்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கில அதிகாரி 1856ஆம் ஆண்டிற் சென்னை அரசின் நிழற்படக்காரராய் அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் பெங்களூரினின்று புறப்பட்டு, மாட்டுவண்டிகளிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களைப் படமெடுத்து 1858ஆம் ஆண்டிற் சென்னையை அடைந்தார். மெழுகு ஊட்டிய காகிதமே அவர் எதிர்ப்படிக்குக் கருவியாயிற்று. வெயிலும் புழுக்கமும் மிக்க நாட்டில் அவ்வேலை எளிதன்று.

அவர் செய்தவற்றுள் வியக்கத்தக்கது ஒன்று. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடித்தளத்து ஓடும் கல்வெட்டினைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். இராசராசர் கல்லில் எழுதுவித்ததை எட்டரை நூற்றாண்டு கழித்து ஒருவர் காகிதத்தில் நிழலாய்ப் பதிந்தார். தாம் எடுத்த படங்களை ஊர்ப்பெயரோடு தொகுத்து 1858ஆம் ஆண்டிலேயே வெளியிட்டமையால், அவை இன்றும் ஐயமின்றி ஆளப்படுகின்றன.

அவருக்குப்பின் 1867, 1868ஆம் ஆண்டுகளில் எட்மண்டு லயன் என்பார் சென்னை அரசுக்காகத் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். அவற்றின் விளக்கக் குறிப்புக்கள் பெர்குசன் என்னும் கட்டடக்கலை வரலாற்றாசிரியரால் 1870ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. பின்னர்ச் சென்னையிலும் பிற நகரங்களிலும் படக்கடைகள் பெருகின. கோபுரப் படங்கள் அட்டையில் ஒட்டி விற்கப்பட்டன, அஞ்சலட்டையாயின, பயணிகளின் பெட்டியிற் கப்பலேறின. அங்ஙனம் பரவியவற்றுட் பல ஊர்ப்பெயரை இழந்தன. சில தவறான பெயரைப் பெற்றன.

ஊரறியும் நெறி

பெயரிழந்த படத்தை ஆராய்வோர் முதலிற் காண்பது உருவத்தையன்று, உருவம் தங்கிய பொருளை. வெள்ளி பூசிய செப்புத் தகடாயின் அது நிழற்படக்கலையின் இளமைக் காலத்தது. முட்டை வெண்கரு பூசிய மெல்லிய காகிதம், மினுக்கமுடையதாய், வெளிறிய இடங்களில் மஞ்சள் பாரித்ததாய், தடித்த அட்டையில் ஒட்டப்பெற்றதாய் இருப்பின், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு உரியது. அட்டையின் அடியிலோ புறத்திலோ படக்கடையின் பெயரும் தெருவும் இருப்பின் அது கல்வெட்டின் மெய்க்கீர்த்தி போலக் காலத்தைக் காட்டும். அஞ்சலட்டையாயின் தலையில் இருக்கும் அரசர் முகமே சான்று. ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரையும், ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரையும் ஆண்டனர். அஞ்சல் முத்திரை தெளிவாய் இருக்குமேல் நாளே கிடைத்துவிடும்.

இரண்டாவது, கட்டடம் சொல்லும் சான்று. திருவரங்கத்துத் தென்வாயிற் பெருங்கோபுரம் பன்னூறாண்டு முற்றுப்பெறாமல் நின்று, 1987ஆம் ஆண்டில் 236 அடி உயரத்தோடு நிறைவெய்தியது. அது மொட்டையாய்த் தோன்றும் படம் அந்நிறைவுக்கு முந்தியது என்பது வெளிப்படை. மயிலைத் திருக்குளத்தின் பின் கபாலீச்சரத்துக் கிழக்குக் கோபுரம் காணப்படவில்லையாயின், அக்கோபுரம் எழுந்த 1906ஆம் ஆண்டிற்கு அப்படம் முற்பட்டது. ஆயினும் இவ்வழியிற் கருத்துடன் செல்லல் வேண்டும். திருக்காளத்தியில் இராசகோபுரம் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் இடிந்து வீழ்ந்தது. புதிய கோபுரம் 2017ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. ஆகலின் கோபுரத்தோடு கூடிய திருக்காளத்திப் படம் முன்னதோ பின்னதோ என்பதை வேறு சான்று கொண்டே துணிதல் வேண்டும்.

மூன்றாவது, பெயர் இருந்தும் மயங்கும் இடம். ஆங்கிலேயர் தம் செவிக்கு எட்டியவாறு ஊர்ப்பெயரை எழுதினர். டிரைப் அவர்களின் தொகுதி ஒன்றில் தஞ்சாவூரோடு 'திருவடி' என்னும் பெயர் சேர்ந்து வருகின்றது. அதனைக் கண்டவுடன் அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருவதிகையென எண்ணுதல் கூடும். ஆயின் தஞ்சையை அடுத்து வைத்துக் கூறியமையானும், படத்திற் காவிரிக்கரை தோன்றுதலானும் அது திருவையாறே என்பது பெறப்படும். சொல்லை மட்டும் நம்பாது சூழலையும் நோக்குக என்று உரையாசிரியர்கள் கற்பித்த நெறி இங்கும் துணைசெய்கின்றது.

நான்காவது, இடவலம் மாறிய படம். கண்ணாடித் தகட்டின் எதிர்ப்படியைப் புறம் மாற்றி வைத்துப் படியெடுத்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். இதனைச் சைவர் கண் எளிதிற் கண்டுகொள்ளும். அம்பலவாணர் வலத்திருவடியை முயலகன்மேல் ஊன்றி இடத்திருவடியைத் தூக்கி ஆடுவர். படத்தில் வலத்திருவடி தூக்கியிருப்பின், ஒன்று படம் புரண்டது; அன்றேல் அது மதுரை வெள்ளியம்பலம். இராசசேகர பாண்டியன் வேண்டக் கால்மாறி ஆடிய பெருமான் அங்கன்றோ எழுந்தருளியுள்ளார். எது உண்மையென அறிய அருகில் எழுத்து உண்டா என நோக்குக. எழுத்து நேராய் இருப்பின் படமும் நேர். சிவாசாரியர் வரிசையாய் நிற்கும் படத்தில் அனைவர் பூணூலும் வலத்தோளினின்று இறங்குமாயின் படம் புரண்டதென்றே கொள்க.

ஐந்தாவது, தமிழாண்டுப் பெயர். குடமுழுக்குப் படங்களின் அடியில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் எழுதியிருப்பது உண்டு. அறுபதாண்டு வட்டத்தில் பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியது. எம்முறை வந்த பிரபவ என்பது படம் எடுத்த முறையாலும், நிற்போர் உடையாலும், பந்தலில் மின்விளக்கு உண்டா என்பதாலும் துணியப்படும். கருநிறக் கண்ணாடித் தகட்டிற் பிடித்த பெரும்படம், கம்பத்தில் மின்கம்பி ஓடுகின்றது எனின் 1927 என்று கொள்வதற்கு இடமுண்டு. ஒரு சான்று ஐயம் எழுப்பும். இரண்டு சான்று வழிகாட்டும். மூன்று சான்று ஒத்தாலன்றித் துணிபு கூறலாகாது.

புதுவையில் தொகுத்த பெருநிதி

இங்ஙனம் ஊர் தேடும் இடர்ப்பாடு பின்வருவோர்க்கு நேராதவாறு, எடுக்கும்போதே ஊரெழுதி வைத்த பெருந்தொகுதி ஒன்று புதுச்சேரியில் உள்ளது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ஆம் ஆண்டிற் சான் பிலியோசா என்னும் அறிஞரைத் தலைவராய்க் கொண்டு தோன்றியது. சைவ ஆகமங்களை ஏடுகளினின்று ஒப்புநோக்கிப் பதிப்பித்த பணியால் அந்நிறுவனம் சைவர்க்கு நன்கறிமுகமானது. புதுவையிற் காக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவ ஏட்டுச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அந்நிறுவனத்தார் ஆகமத்திற் கூறிய வடிவம் கோயிலில் எங்ஙனம் உள்ளது என்று ஒப்புநோக்கும் பொருட்டு, 1956ஆம் ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராய்ச் சென்று படமெடுத்தனர். பெருந்தலங்களோடு அமையாமல், ஒருகால பூசையும் அரிதாய் நடக்கும் சிற்றூர்க் கோயில்களிலும் புகுந்தனர். ஒவ்வொரு படத்திற்கும் ஊர், கோயில், திருமேனி, நாள் என்பவை பதிவேட்டில் எழுதப்பட்டன. அங்ஙனம் சேர்ந்தவை 1,30,000க்கு மேற்பட்டன. எடுத்தோர் நோக்கம் கல்வி ஒன்றே. நாற்பதும் அறுபதும் ஆண்டு கழித்து நீதிமன்றங்களும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களும் அப்பதிவேட்டை நோக்கும் என்று அவர் எண்ணியிரார்.

சான்றாய் நின்ற படங்கள்

அரியலூர்ப் பகுதியில் ஸ்ரீபுரந்தான் என்னும் ஊரிற் சோழர்காலச் சிவன்கோயில் ஒன்று வழிபாடு குன்றிக் கிடந்தது. அங்கிருந்த கூத்தப்பெருமான் முதலிய செப்புத் திருமேனிகள் களவு போயின. பூட்டிய கதவின் உள்ளே திருமேனிகள் இல்லை என்பது 2008ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஒரு சோழர்கால ஆனந்தக்கூத்தரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. பாரதநாட்டுத் தொல்பொருட் சட்டம் 1972ஆம் ஆண்டிற் பிறக்குமுன்னரே அத்திருமேனி நாட்டைவிட்டு வெளியேறியது என்று விற்றோர் காட்டிய பத்திரங்கள் கூறின. புதுவைத் தொகுதியிலோ, 1994ஆம் ஆண்டில் அதே திருமேனி ஸ்ரீபுரந்தான் கோயிலில் எழுந்தருளியிருந்த படம் இருந்தது.

விருத்தாசலம் திருமுதுகுன்றத்துக் கல்லில் வடித்த அம்மையப்பர் வரலாறும் இத்தகையதே. அம்மாதொருபாகர் சிலையைச் சிட்னி நகர்க் கலைக்கூடம் 2004ஆம் ஆண்டில் வாங்கியது. 1970ஆம் ஆண்டிலேயே கடையில் விற்கப்பட்டதாக ஒரு விலைச்சீட்டு காட்டப்பட்டது. 1974ஆம் ஆண்டில் எடுத்த படமோ அச்சிலை கோயிற் கோட்டத்தில் நின்றதைக் காட்டியது. 1970இல் விற்ற பொருள் 1974இற் கோயிலில் நிற்பது யாங்ஙனம்? பத்திரம் பொய் என்பதற்கு வேறு வாதம் வேண்டுவதாயிற்றில்லை. 2014 செப்டம்பர் 5ஆம் நாள் இரு திருவுருவங்களும் புதுதில்லியில் ஆத்திரேலியத் தலைமையமைச்சரால் இந்தியத் தலைமையமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன.

படத்தையும் திருமேனியையும் ஒன்றென நாட்டுவது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். தமிழகத்துச் செப்புத் திருமேனிகள் மெழுகிற் கரு அமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் வார்த்துச் செய்யப்படுவன. வார்ப்பு முடிந்ததும் மண்ணச்சு உடைக்கப்படும். ஆகலின் ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனியே தோன்றும். ஒரே சிற்பியின் கையால் ஆயினும் இரண்டு திருமேனிகள் முற்றும் ஒத்திரா. திருவாசியின் சுடர்கள் எத்தனை, முறிந்த சுடர் எது, பீடத்துத் தாமரையிதழில் தேய்வு எங்கே, வார்ப்பின் குறை எவ்விடத்து என்று ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுக் காண்பர். எஸ். விஜயகுமார் முதலிய ஆர்வலர் பலர், ஊதியம் கருதாது, அயல்நாட்டு விற்பனைப் பட்டியல்களையும் பழம்படங்களையும் இவ்வாறு ஒப்புநோக்கி வருதல் போற்றத்தக்கது.

வைணவக் கோயில்களுக்கும் இத்தொண்டு பயன்பட்டது. மயிலாடுதுறைப் பக்கத்து ஆனந்தமங்கலம் இராசகோபாலப்பெருமாள் கோயிலினின்று இராமபிரான், சீதாபிராட்டி, இலக்குவர் திருமேனிகள் 1978ஆம் ஆண்டிற் களவாடப்பட்டன. 1958 ஜூன் மாதத்தில் எடுத்த படங்கள் புதுவையில் இருந்தமையால், இலண்டனில் அவை அடையாளம் காணப்பெற்று 2020 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்டன. நவம்பரில் தமிழகம் வந்தடைந்தன. ஆக்ஸ்போர்டு நகர் ஆசுமோலியன் அருங்காட்சியகம் 1967ஆம் ஆண்டில் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி, 1957ஆம் ஆண்டிற் கும்பகோணத்துப் பக்கத்துச் சௌந்தரராசப்பெருமாள் கோயிலில் இருந்ததைப் படம் காட்டியது. அதனைத் திருப்பித்தர அப்பல்கலைக்கழக மன்று 2024ஆம் ஆண்டில் இசைந்தது.

சைவர் உள்ளத்தைப் பெரிதும் உருக்குவது அமெரிக்க நாட்டு வரலாறு. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த மூன்று திருமேனிகளைப் புதுவைப் படங்களோடு ஒப்பிட்டு 2023ஆம் ஆண்டில் ஊர் துணிந்தனர். ஒன்று, 1957ஆம் ஆண்டிற் படமெடுக்கப்பெற்ற திருத்துறைப்பூண்டிக் கூத்தப்பெருமான். மற்றொன்று, 1959இல் மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் விசுவநாதர் கோயிலிற் படமெடுத்த சோமாஸ்கந்தர். மூன்றாவது, 1956இல் கள்ளக்குறிச்சி வட்டம் வீரசோழபுரத்துச் சிவன்கோயிலிற் கண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பரவை நாச்சியாரும். இம்மூன்றையும் இந்திய அரசுக்கு உரிமையாக்குவதாக அவ்வருங்காட்சியகம் 2026 சனவரியில் அறிவித்தது. கூத்தப்பெருமான் திருமேனி மட்டும், அதன் வரலாறு முழுதும் எழுதிக் காட்டப்பெற்று, நெடுங்கால இரவலாக அங்கு இருக்கும் என்றும் கூறியது. தஞ்சைக் கல்வெட்டில் அளவு நின்று திருமேனி மறைந்த நம்பியாரூரரும் பரவையாரும், வீரசோழபுரத்தில் நிழல் நின்றமையால் மீண்டும் வெளிப்பட்டனர் என்று அன்பர் எண்ணி மகிழலாம்.

படமின்மையால் நேர்ந்த துன்பம்

படம் இருந்தபோது நிகழ்ந்தவை இவை. இல்லாதபோது நிகழ்ந்ததையும் எண்ணுதல் வேண்டும். தஞ்சைப் பகுதிப் பத்தூரில் அழிந்த சிவன்கோயில் எல்லையில் 1976ஆம் ஆண்டில் கூத்தப்பெருமான் திருமேனி ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. கண்டெடுத்தவர் விற்க, கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தது. 1982ஆம் ஆண்டில் அந்நகரக் காவலர் அதனைக் கைப்பற்றினர். கோயிலில் இருந்தகாலத்துப் படம் ஒன்றேனும் இல்லை. ஆகலின் அதே இடத்திற் கிடைத்த பிற திருமேனிகளோடு வேலைப்பாட்டை ஒப்பிட்டும், திருமேனியிற் படிந்த மண்ணையும் கரையான் தடத்தையும் ஆராய்ந்தும் அறிஞர் பலர் சான்று கூறவேண்டியதாயிற்று. கோயிலே வழக்காடும் உரிமையுடையது என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1988ஆம் ஆண்டில் தீர்ப்பும், 1991ஆம் ஆண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் பெற்றே பெருமான் தாயகம் மீண்டார். காவலர் கைப்பற்றிய நாள் முதலாக ஒன்பதாண்டு கழிந்தன.

கோயிலில் இருப்பதே மூலத்திருமேனி என்று நம்பியிருத்தலும் ஏமாற்றம் தரும். சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் வெளிப்பட்ட கூத்தப்பெருமான் திருமேனி செப்பனிடுவதற்கென வெளியே சென்றது. மீண்டு வந்தது புதிதாய் வார்த்த படியே. ஊரார் அதனையே வணங்கியிருந்தனர். மூலத்திருமேனி அமெரிக்கா வரை சென்று 1986ஆம் ஆண்டில் இந்நாடு திரும்பியது. செப்பனிடச் செல்லுமுன் நாற்புறமும் படமெடுத்து, திரும்பியபோது ஒப்புநோக்கும் வழக்கம் இருந்திருப்பின் அக்குற்றம் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

திருப்பணிச் செல்வர்க்கு ஒரு விண்ணப்பம்

குடமுழுக்குக் காலமே இத்தொண்டிற்கு ஏற்ற காலம். பாலாலயம் செய்து திருப்பணி தொடங்குமுன், விமானம், கோபுரம், மண்டபம், தூண், சுவரோவியம், கல்வெட்டு ஆகிய அனைத்தையும் உள்ளவாறே படமெடுத்தல் வேண்டும். புதிய வண்ணம் பழைய ஓவியத்தை மறைத்த பின்னும், புதிய தளம் கல்வெட்டை மூடிய பின்னும் வருந்திப் பயனில்லை.

உலாத்திருமேனிகளை, கோயில் அதிகாரிகளும் சிவாசாரியர்களும் இசைந்த வேளையில், ஆகம வரம்பு கடவாது படமெடுத்தல் தகும். மாலையும் பட்டும் அணிந்த கோலம் கண்ணுக்கு விருந்து. அடையாளம் காண்பதற்கு அதனால் உதவி இல்லை. அணிகலன் களைந்த நிலையில், முன்னும் பின்னும் இருபுறமும் பீடத்தின் அடியும், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து எடுத்தல் வேண்டும். ஊர், கோயில், திருமேனியின் பெயர், உயரம், எடை, நாள் என்பவற்றைத் தமிழாண்டோடு ஆங்கில ஆண்டும் சேர்த்து எழுதுதல் வேண்டும். இப்படங்களைக் கண்டோரெல்லாம் காணப் பரப்புதல் கள்வர்க்கு வழிகாட்டுவதாய் முடியும். ஒரு படி கோயில் அலுவலகத்திலும், ஒரு படி அறநிலையத்துறையிடத்தும், ஒரு படி வேறூரில் நம்பத்தக்க இடத்திலும் இருப்பது சாலும். ஒன்றைக் கரையான் அரிப்பினும் மற்றது பேசும்.

இல்லத்திற் பழம்படம் உடையோர்க்கும் கடமை உண்டு. முதியோர் இருக்கும்போதே படத்தை அவர்முன் வைத்து, நிற்போர் யாவர், எவ்விழா, எவ்வாண்டு என்று கேட்டல் வேண்டும். அவர் கூறுவதைப் படத்தின் புறத்தே மெல்லிய கரிக்கோலால் எழுதுக. மையால் எழுதினால் மறுபுறம் ஊறும். பசையிட்டு ஒட்டுதலும், அட்டையினின்று வலிந்து பிரித்தலும் கேடு விளைக்கும். ஊரறியாப் படம் இருப்பின் எறிந்துவிடாது கோயிலில் ஒப்படைப்பது நன்று. ஒருவர் அறியாததை மற்றொருவர் ஒரு நொடியில் அறிவர். அயலூரிலிருந்து வந்த மூதாட்டியார் ஒருவர் 'இஃது எங்கள் ஊர்க் குளக்கரையன்றோ' எனக் கூறிவிடுதல் கூடும்.

பொன் கொடுத்தோர் பெயரும் நிலம் கொடுத்தோர் பெயரும் கல்லில் நிற்கின்றன. 1956ஆம் ஆண்டில் வீரசோழபுரத்துக் கோயிலுட் புகுந்து, படமெடுத்து, பதிவேட்டில் ஊர்ப்பெயரை எழுதிவைத்தவரோ பொன்னும் கொடுத்திலர், நிலமும் கொடுத்திலர். அவர் எழுதிய ஒரு வரி, 67 ஆண்டு கழித்துத் தம்பிரான் தோழர்க்கும் பரவையார்க்கும் ஊர் இன்னதென்று உலகின்முன் சான்று கூறியது. அதுவும் ஒரு திருப்பணியே. இக்குடமுழுக்கு நன்னாளில், பரண்மேற் கிடக்கும் படக்கட்டை எடுத்துவந்து, ஒரு படத்தின் பின்னே ஓர் ஊரின் பெயரை எழுதும் அன்பர் எவரோ, அவரும் அத்திருப்பணியிற் பங்குகொண்டவர் ஆவர். எல்லாம் வல்ல கூத்தப்பெருமான் திருவருள் அவர்க்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.